கடிதம் ஒன்றும் வரவில்லை

மருதமுனை
05.07.2024

மிஸ்ஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நான் சுகமாக இருக்கிறேன். நீங்களும் சின்னப் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இல்லத்தை விட்டு வெளியேறிய பிள்ளைகள் மாதம் ஒரு கடிதம் எழுத வேண்டும், அந்தக் கடிதம் கோப்பில் இருந்தால்தான் வீட்டு உதவி தொடரும் என்று சொன்னீர்கள். இது முதல் கடிதம். எனக்கு ஓர் அறையும் ஒரு குசினியும் கிடைத்திருக்கின்றன. வாடகையை உதவி செய்பவர்களே வீட்டுக்காரருக்குக் கொடுக்கிறார்கள். அபாயா தைக்கும் கடையொன்றில் கல் பதிக்கும் வேலை செய்கிறேன். ஐந்து நேரமும் தொழுகிறேன். யாரோடும் அதிகம் கதைப்பதில்லை.

வஸ்ஸலாம்.
றிபா


பெண் பிள்ளைகள் இல்லம்
சாகாமம் வீதி
16.07.2024

அன்பின் மகள் றிபாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். இங்கு எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கும் துஆச் செய்கிறோம்.

உன் கடிதம் அரைப் பக்கம்கூட இல்லை. இதைக் கோப்பில் வைத்தால் என்னைத்தான் கேள்வி கேட்பார்கள். என்ன சமைக்கிறாய், யார் வந்து போகிறார்கள், இரவில் கதவைப் பூட்டுகிறாயா, எல்லாவற்றையும் எழுது. எட்டு வயதிலிருந்து பதினொரு வருடம் உன்னை வளர்த்தவள் கேட்கிறேன், வேறு யாரும் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றவளுக்கு எழுத்து நன்றாகத்தான் இருக்கிறது.

குசினியில் உன் இடத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. சோறு தினமும் குழைகிறது. பிள்ளைகள் உன் பருப்பைக் கேட்கிறார்கள்.

உன் நலம் நாடும்,
முஸ்பிறா மிஸ்
மேற்பார்வையாளர்


மருதமுனை
02.08.2024

மிஸ்ஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். உங்கள் சீனி வருத்தம் எப்படி இருக்கிறது? பாணோடு சீனிச் சம்பலைக் குறைக்கவும்.

நீங்கள் கேட்டபடி எழுதுகிறேன். காலையில் இரண்டு துண்டு பாண், இரவில் சோறு. யாரும் வந்து போவதில்லை. கதவை இரண்டு முறை பார்த்துப் பூட்டுகிறேன். ஒரு பிரச்சினை இருக்கிறது. வீட்டுக்காரர் உம்மு மாமி நேற்று வாசலில் நின்று சொன்னார்: "தனிக் குமர்ப் புள்ளைக்கு வீடு குடுத்துட்டு ஊருக்கு என்னத்தச் சொல்ற? துணைக்கு ஒரு மனிசி இரிந்தா இரி. இல்லாட்டி நோன்புப் பிறையோட எழும்பு புள்ள." உதவி செய்பவர்களிடம் கேட்டேன். வேறு வீடு தர அவர்களிடம் இல்லை. இந்த வீடு போனால் எனக்குப் போக இடம் இல்லை.

இது இருவருக்கான உதவி வீடு. அம்ஹா எனக்கு முன் வெளியேறி இதே ஊரில்தான் இருந்தாள். எனக்குப் பதினெட்டு வயது ஆனதும் என்னைக் கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அதனால்தான் வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு நீங்கள் கடிதங்களைக் கொடுக்கும்போது நான் வாசலில் வந்து நிற்பேன். "கடிதம் ஒண்டும் வரல்ல, போய் அடுப்பப் பாரு" என்பீர்கள். எனக்குப் பதினெட்டு முடிந்த பிறகும் ஒரு வருடம் அப்படியே நின்றேன்.

அம்ஹாவின் விலாசம் உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள்.

வஸ்ஸலாம்.
றிபா


சாகாமம் வீதி
20.08.2024

அன்பின் மகள் றிபாவுக்கு,

ஸலாம். சுகம், சுகத்துக்குத் துஆ.

அம்ஹாவின் விலாசம் என்னிடம் இல்லை. அவள் நன்றி கெட்டவள். போனவள் போனவள்தான், இந்த இல்லத்துக்கு ஒரு வரி எழுதவில்லை. அவளை நினைத்து மனதைக் கெடுத்துக்கொள்ளாதே.

தனியாக இருப்பது கஷ்டம் என்றால் திரும்பி வா. வெட்கப்பட ஒன்றுமில்லை. குசினி அப்படியேதான் இருக்கிறது.

முஸ்பிறா மிஸ்


மருதமுனை
06.09.2024

மிஸ்ஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகமாக இருக்கிறேன். நீங்கள் நீண்ட காலம் சுகமாக இருக்க வேண்டும்.

என்னோடு கல் பதிக்கும் பூமணி அக்கா முன்பு அம்ஹாவோடும் வேலை செய்தவர். அவருடைய போனில் அம்ஹா குவைத்திலிருந்து கதைத்தாள். எடுத்ததும் ஏசினாள். "என்னடி, ஏழு கடிதம் போட்டன். ஒரு வரி எழுத உன்ட கை வலிச்சதா? நீ வரமாட்டா எண்டு நினைச்சுத்தானே நான் இஞ்ச வந்து ஊரான்ட கக்கூசு கழுவுறன்" என்றாள்.

"எனக்கு ஒண்டும் வரல்ல அம்ஹா" என்றேன்.

பிறகு, "மிஸ்ட அலுமாரி இன்னும் பூட்டித்தான் கிடக்கா?" என்று கேட்டாள்.

அவளுக்கு நல்ல எண்ணம் குறைவு. தபாற்காரர்தான் தொலைத்திருப்பார். ஏழையும். அவர்மேல் முறைப்பாடு எழுத வேண்டுமென்றால் சொல்லுங்கள். எழுதித் தருகிறேன். என் எழுத்து நன்றாக இருக்கிறது என்று நீங்களே சொன்னீர்கள்.

வஸ்ஸலாம்.
றிபா


மருதமுனை
04.10.2024

மிஸ்ஸுக்கு,

ஸலாம். நான் சுகம். போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அதுவும் தபாற்காரராகத்தான் இருக்கும்.

றிபா


சாகாமம் வீதி
05.12.2024

அன்பின் றிபா மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். எனக்குச் சுகம் குறைவு. காலில் ஒரு புண் வந்து ஆறவில்லை. அதனால்தான் எழுத முடியவில்லை.

இம்மாதம் முப்பத்தோராம் திகதியோடு என் வேலை முடிகிறது. இருபத்திரண்டு வருடம் இல்லத்து மேல்மாடி அறையிலேயே இருந்துவிட்டேன். எனக்கு மூன்று பெண் பிள்ளைகள் என்பது உனக்குத் தெரியும். மூத்தவளுக்கு நாங்கள் இருந்த வீட்டையே கொடுத்தோம். நடுவிலவளுக்கு வயலை விற்றுக் கட்டினோம். நதீராவுக்குச் சாய்ந்தமருதில் ஒரு வீடு. நம் ஊரில் குமருக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் இல்லை. மூன்றையும் அவர்கள் பெயரிலேயே எழுதிக் கொடுத்தேன். எனக்கென்று ஓர் அறையை எழுதி வைக்கத் தோன்றவில்லை. உம்மாவுக்கு எதற்கு வீட்டு உறுதிப் பத்திரத்தில் பெயர் என்று நினைத்துவிட்டேன்.

மூத்தவள் வீட்டைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு கட்டாருக்குப் போய்விட்டாள். நடுவிலவள் வீட்டில் ஆறு பிள்ளைகள், படுக்க இடமில்லை. நதீரா வீட்டில் போன பெருநாளுக்கு நின்றேன். அவளுடைய மாப்பிள்ளை றாஸிக், "உங்கட உம்மா எப்பதான் போறா?" என்று அவளிடம் கேட்டது என் காதில் விழுந்தது. அன்றே பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவளோடு கதைப்பதில்லை.

உனக்குத் துணைக்கு ஒரு மனிசி வேண்டும் என்று எழுதியிருந்தாய். ஆள் கிடைத்துவிட்டதா? சும்மாதான் கேட்கிறேன்.

உன் மிஸ்


மருதமுனை
13.12.2024

மிஸ்ஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் காலைப் பற்றி வாசித்தேன். புண்ணில் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சும்மா கேட்கவில்லை என்று நினைத்துப் பதில் எழுதுகிறேன். ஆள் கிடைக்கவில்லை. இடம் இருக்கிறது. ஆனால் இடம் இருக்கிறது என்பதற்காக யாரையும் சேர்க்க முடியாது என்று நீங்கள்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தீர்கள். இத்துடன் ஒரு சேர்ப்புப் படிவம் வைத்திருக்கிறேன். வெளியேறும்போது தந்த கோப்பில் இருந்த என் படிவத்தைப் பார்த்து, என் கையாலேயே எழுதினேன். உங்கள் வசனம் ஒன்றையும் மாற்றவில்லை. "பிள்ளை" என்று இருந்த இடங்களில் மட்டும் "முதியவர்" என்று போட்டிருக்கிறேன்.

வரும்போது பெட்டியை வாசலில் திறந்து காட்ட வேண்டும். ஒன்பது மணிக்கு விளக்கு அணைப்பேன். பாணின் கருகின அடித்துண்டு புதிதாக வந்தவருக்கு. வந்த அன்று பேன் பார்த்து முடியை ஒட்ட வெட்டும் வழக்கம் உங்களுக்கு நினைவிருக்கும். உங்களுக்கு முடி குறைவு, அதை விட்டுவிடுகிறேன். கடிதங்கள் முதலில் என் கைக்குத்தான் வரும். நான் வாசித்துவிட்டு வெள்ளிக்கிழமை தருவேன்.

கடைசிப் பக்கத்தில் பாதுகாவலர் கைப்பட எழுத வேண்டிய வரி இருக்கிறது. வாப்பாவின் தம்பியான என் சாச்சா எழுதியது இது: "இப்பிள்ளையை வைத்துப் பராமரிக்க எங்களுக்கு வசதியில்லை." நான் வந்த முதல் நாள், சாப்பாட்டு மேசையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி நீங்கள் அதை வாசித்தீர்கள். பிள்ளைக்குத் தன் நிலைமை தெரிந்திருக்க வேண்டும் என்றீர்கள். எனக்கு எட்டு வயது. அன்றைக்குக் கத்தரிக்காய்க் கறி.

உங்களுக்கு அந்த வரியை நதீரா ராத்தா எழுத வேண்டும். எழுதி நேராக எனக்கு அனுப்ப வேண்டும். வந்ததும் உங்களுக்கு அறிவிப்பேன்.

வஸ்ஸலாம்.
றிபா


சாய்ந்தமருது
21.01.2025

அன்புள்ள தங்கச்சி றிபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்களை நான் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். இல்லத்துக்கு வந்தபோது எனக்குத் தேநீர் தந்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றீர்கள். சுகமாக இருக்கிறீர்களா?

உங்கள் படிவத்தை உம்மா எனக்கு அனுப்பியிருக்கிறா. கூட ஒரு வார்த்தை இல்லை. கடைசிப் பக்கத்தில் மட்டும் பென்சிலால் ஒரு புள்ளி போட்டிருக்கிறா, இந்த இடத்தில் எழுது என்று. மூன்று நாளாக அதை வைத்துக்கொண்டு இருந்தேன். அந்த வரியை நான் எழுதமாட்டேன். இவரிடம் காட்டினேன். "நான் சொன்னதுதான், மறைக்கல்ல. அண்டைக்குக் கடைல நட்டம், அந்தக் கோவத்துல வாய்ல வந்துட்டு. மாமிட கால்ல விழச் சொல்றியா, விழுறன்" என்றார்.

குசினிக்குப் பக்கத்து அறைக்கு வெள்ளையடித்திருக்கிறோம். கட்டிலும் போட்டாயிற்று. உம்மா அங்கே வரட்டும். ஆனால் வரும் மாதக் கடைசியில் நோன்புப் பிறை காணும் வரைதான் அந்த அறையை நான் பிடித்து வைத்திருக்க முடியும். இவருடைய உம்மாவும் தன் வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்தவர்தான். அவரும் இடம் கேட்கிறார். பிறைக்குள் உம்மா வராவிட்டால் அவரை அழைத்து வந்துவிடுவார்கள். வந்த பெரியவரை எழும்பச் சொல்ல ஏலாது.

நான் போன் எடுத்தால் உம்மா எடுப்பதில்லை. இல்லத்து வாசல் வரை போனேன். பார்க்கமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டா. உங்கள் கடிதத்தை மட்டும் கேட்டு வாங்குகிறா என்று அங்கிருந்த பிள்ளை சொன்னது. அதனால் உங்களை நம்பி எழுதுகிறேன். இதை உம்மாவின் கையில் சேர்த்துவிடுங்கள். இந்த உதவியை மறக்கமாட்டேன்.

உங்கள் ராத்தா,
நதீரா


மருதமுனை
24.01.2025

மிஸ்ஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும். மாத்திரைகளை நேரத்துக்குப் போடுங்கள்.

நதீரா ராத்தாவிடமிருந்து கடிதம் ஒன்றும் வரவில்லை. அது வராமல் சேர்க்க முடியாது. பொறுத்திருங்கள், அடுத்த வெள்ளி பார்க்கலாம்.

உம்மு மாமியிடம், "துணைக்கு ஒரு மனிசி வருவா" என்று சொல்லி வைத்திருக்கிறேன். "ஆரு புள்ள, உம்மாவா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

வஸ்ஸலாம்.
றிபா


சாகாமம் வீதி
14.02.2025

அன்பின் மகள் றிபாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் சுகத்துக்கு எப்போதும் துஆச் செய்கிறேன். என் கால் அப்படியேதான் இருக்கிறது.

புதிய மிஸ் வந்துவிட்டார். என்னை அரிசி வைக்கும் அறையில் கட்டில் போட்டுக் கொஞ்ச நாளைக்கு இருக்கவிட்டிருக்கிறார்கள். உன் கடிதம் புதன்கிழமையே வந்ததாம். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகுதான் தந்தார், அதுவும் உடைத்து. ஏன் என்று கேட்டேன். "மிஸ், இது நீங்க போட்ட சட்டந்தானே" என்று சிரித்தார். சின்னப் பிள்ளைகளும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளிலும் வாசலில் போய் நின்றேன். பிள்ளைகளோடு வரிசையில்.

ஓம் மகள். ஏழும் வந்தன. தபாற்காரர் பாவம். உனக்குப் பதினெட்டு முடியப்போகிற நேரத்தில்தான் முதலாவது வந்தது. நீ போனால் அடுப்பில் யார் நிற்பது என்று நினைத்தேன். பதினெட்டுப் பிள்ளைகள். ஒரு வாரம் வைத்திருந்து கொடுப்போம் என்றுதான் அலுமாரியில் வைத்தேன். ஒரு வாரம் வைத்ததைப் பிறகு எடுத்துக் கொடுக்க வெட்கமாக இருந்தது. அதற்குள் அடுத்தது வந்துவிட்டது. ஏழையும் இத்துடன் அனுப்புகிறேன்.

நதீரா எழுதமாட்டாள் போலிருக்கிறது. ஒரு மகளிடம் அந்த வரியை நான் கேட்டிருக்கக் கூடாது. வந்ததா வந்ததா என்று இனி உன்னைக் கேட்கமாட்டேன். நீ பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. வரவில்லை என்றால் வரவில்லைதான்.

அந்தக் கடிதம் இல்லாமல் என்னைச் சேர்ப்பாயா? அடித்துண்டு எனக்குப் பிடிக்கும்.

முஸ்பிறா


மருதமுனை
25.02.2025, செவ்வாய்

முஸ்பிறா மிஸ்ஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகமாக இருக்கிறேன். நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். இதை நான் வழக்கத்துக்காக எழுதவில்லை.

அம்ஹாவின் ஏழு கடிதங்களும் கிடைத்தன. ஒவ்வொரு நாளும் ஒன்று என்று ஏழு நாள் வாசித்தேன். ஆறாவதில் எழுதியிருக்கிறாள்: "செப்டம்பர் பத்துக்குள்ள நீ வராட்டி இந்த வீட்ட வேற புள்ளைகளுக்குக் குடுத்துருவாங்களாம். நான் தனிய என்ன செய்ய? ஓம் எண்டு ஒரு சொல்லு எழுது, போதும்." ஏழாவதில் மூன்று வரிதான். "நீ எழுதல்ல. சரி. அடுப்புல கை சுட்டுக்காத."

நான் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களிடம் பதினொரு வருடம் இருந்தேன், மிஸ்.

நதீரா ராத்தாவின் கடிதம் ஜனவரி இருபத்து மூன்றாம் திகதியே வந்துவிட்டது. இத்துடன் வைத்திருக்கிறேன். உடைத்துத்தான் இருக்கிறது. அந்த வரியை அவர் எழுதவில்லை. அதற்குப் பதிலாக என்ன எழுதியிருக்கிறார் என்று நீங்களே வாசியுங்கள். அதில் ஒரு தவணையும் இருக்கிறது, கவனியுங்கள்.

ஐந்து வெள்ளிக்கிழமை அதை வைத்திருந்தேன். நீங்கள் நதீரா ராத்தாவிடம் போய்விட்டால் எனக்குத் துணை இல்லை, துணை இல்லாவிட்டால் வீடும் இல்லை. அவர் சொன்ன அதே பிறைதான் எனக்கும் தவணை. பிறை கண்ட அன்றே உங்களைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஆனால் காரணம் அது மட்டும் இல்லை. நீங்கள் வாசலில் நிற்பதை நினைக்க எனக்கு நன்றாக இருந்தது. கல் பதிக்கும்போது அதை நினைப்பேன். வேலை வேகமாகப் போகும்.

அம்ஹா சொன்ன திகதி எனக்குத் தெரியவந்தபோது அது போய் ஒன்றரை வருடம். உங்கள் தவணைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. நான் உங்களை விட மூன்று நாள் நல்லவள்.

"இல்லத்துக்குப் போன் எடுத்துச் சொல்லன் புள்ள. இல்லாட்டி பஸ்ஸுல போய்க் கையில குடுத்துட்டு வா" என்று பூமணி அக்கா சொல்கிறார். ஒரு மணித்தியாலப் பயணம்தான். ஆனால் உங்கள் இல்லத்துக்குக் கடிதம்தான் வழக்கம். சாதாரண முத்திரை ஒட்டியிருக்கிறேன். வியாழனுக்குள் வந்துவிட்டால், புதிய மிஸ் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு உங்களுக்குத் தருவார். பிறை பார்ப்பதற்குள் சாய்ந்தமருதுக்குப் போய்விடலாம், நான் என் பெட்டியைக் கட்டத் தொடங்குவேன். பிந்தி வந்தால் அடுத்த வெள்ளிதான் தருவார். அப்போது நதீரா ராத்தாவின் அறையில் வேறு ஓர் உம்மா படுத்திருப்பார்.

அப்படியானால் இங்கே வாருங்கள், அது வரை உம்மு மாமியிடம் ஒரு வாரம் கேட்டுக்கொள்வேன். உங்கள் கட்டில் வாசல் பக்கம். படிவம் தேவையில்லை.

மூலைக் கடைக்கு முன்னால் உள்ள தபால் பெட்டியில் இதைப் போடப் போகிறேன். அதில் எத்தனை மணிக்குத் தபால் எடுப்பார்கள் என்று கடையில் கேட்டால் சொல்வார்கள். நான் கேட்கவில்லை.

வஸ்ஸலாம்.
றிபா